துஷ்டி வீட்டில் விலை பேசாத கடை: எல்லையோரச் சவப்பெட்டித் தொழில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பதிவின் நோக்கம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், மூன்று தலைமுறையாகச் சவப்பெட்டி செய்து விற்கும் குடும்பம் ஒன்று உள்ளது. 2016-க்கும் 2023-க்கும் இடையே அந்தக் கடையில் நடந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். 2014 முதல் அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுபவன் நான். பெயர்களையும் ஊரையும் சபைகளையும் தவிர்த்திருக்கிறேன். தொகைகள் கடை நோட்டில் உள்ளவை. குடும்பத்தார் படித்துப் பார்த்து இசைவு தந்த பின்பே இது வெளியே வருகிறது. இரண்டு இடங்களில் மூத்த சகோதரருக்கு என் கருத்தில் உடன்பாடில்லை என்பதையும் அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

பின்னணி: எல்லைக்கு முந்திய கடை

கடையைத் தொடங்கியவர் இன்றைய சகோதரர்களின் தாத்தா. அவர் முதல் பெட்டியைச் செய்து கொடுத்தபோது விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் அடுத்தடுத்த தாலுகாக்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே, கேரளத்தோடு நின்றுவிட்டது. பெண் கொடுத்த வீடுகளும் எடுத்த வீடுகளும் கோட்டின் இரு புறமும் இருந்தபடியால், அந்தப் பக்கத்துப் பாறசாலையில் மரித்தவருக்கு இங்கிருந்து பெட்டி போவது அதனால் நிற்கவில்லை.

பெட்டிக்கு இந்தப் பகுதியில் ஏன் இத்தனை தேவை என்பது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காமல் போகலாம். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த 1806-இலிருந்து எண்ணினாலே இங்கு சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்கு இருநூறு ஆண்டு கடந்துவிட்டது. கடற்கரைக் கத்தோலிக்கம் அதைவிட இரண்டரை நூற்றாண்டு மூத்தது. இந்து வீடுகளில் பெரும்பாலும் சொந்த விளையிலேயே (தோட்டத்திலேயே) மாமரம் வெட்டி, தேங்காய்க் கதம்பை (மட்டை) அடுக்கித் தகனம் செய்வார்கள். கிறிஸ்தவ வீடுகளில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஆகவே கடையின் வாடிக்கை ஏறக்குறைய முழுவதும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்கள், கத்தோலிக்கப் பங்குகள் என்ற ஊர்ச் சபைகளைச் சார்ந்தே இருந்தது.

தாத்தா காலத்தில் பெட்டி முன்கூட்டிச் செய்து வைக்கப்படவில்லை. மரித்த வீட்டிலிருந்து ஒருவர் நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டு வருவார். ஒன்று நீளம், மற்றொன்று தோளகலம். நீளத்தோடு மூன்று அங்குலம் கூட்டி, இலவம் பலகையோ மாம்பலகையோ அறுத்து, வெளியே கறுப்புத் துணியும் உள்ளே வெள்ளைத் துணியும் குத்தி, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுவார்கள். மகன் காலத்தில் ரப்பர் மரம் வந்தது, பாலிஷ் வந்தது, வாசலில் ஐந்தாறு பெட்டிகள் ஆயத்தமாக நின்றன. அந்த நூல் மட்டும் 1990-கள் வரை வந்துகொண்டிருந்ததாகச் சகோதரர்களின் தாயார் சொல்கிறார்.

விலை பேசாத வழக்கம்

தாத்தா வைத்த விதி ஒன்று கடைக்கு உண்டு: துஷ்டி (சாவு) வீட்டாரிடம் அன்றைக்கு விலை பேசக்கூடாது. பெட்டி எடுத்துப்போக வருபவர் தாமாகக் கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் நோட்டில் பெயரும் அளவும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட வேண்டும். ஏழாம் நாளிலோ நாற்பத்தொன்றாம் நாளிலோ ஜெபம் முடிந்த பின் வீட்டார் வந்து கணக்குத் தீர்ப்பார்கள். கடற்கரைக்காரர்கள் மீன்பாடு பார்த்துக் கொடுப்பார்கள்.

இதை நான் நல்லெண்ணம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க மாட்டேன். அந்தக் காலக் கணக்குக்கு அது பொருத்தமான வியாபார முறையும்கூட. பலகை உள்ளூரில் கிடைத்தது, கூலி வீட்டு ஆட்களுடையது, வட்டி என்று ஒன்றில்லை. எட்டுப் பெட்டியில் ஒன்றுக்குப் பணம் வராவிட்டாலும் கடை நின்றது. அந்த ஒரு வீடு அடுத்த முறை வேறு கடைக்குப் போகவுமில்லை. ஒருமுறை நான் பாக்கியை ஞாபகப்படுத்தச் சொன்னபோது தாயார் சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது: "அந்த வீட்டுல போயி பைசா கேக்கியதுக்கு ஒரு தனி நாக்கு வேணும் சாரே. நமக்கு அது கெடையாது."

2016: ஃப்ரீசர் வாங்கிய முடிவு

தகப்பனார் இறந்த பின் கடை இரு சகோதரர்கள் கைக்கு வந்தது. மூத்தவர் ஆசாரி வேலை அறிந்தவர், பட்டறை அவருடையது. இளையவர் எட்டு ஆண்டுகள் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வந்துசேரும்வரை உடலை வீட்டில் வைத்திருக்க வேண்டிய நிலை அப்போதே பரவலாகிவிட்டது. அதற்கான குளிர்பெட்டிகள் (ஃப்ரீசர்கள்) திருவனந்தபுரம் பக்கத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. இளையவர், இதை நாமே செய்யலாம் என்றார்.

2016 ஆகஸ்டில் மூன்று ஃப்ரீசர்களும், பழைய வேன் ஒன்றை மாற்றிக் கட்டிய அமரர் ஊர்தியும் வாங்கப்பட்டன. ஐந்தாண்டுக் கடன், மாதத் தவணை ரூ.23,400. அந்தக் கடனுக்கான தாள்களை நான்தான் ஆயத்தம் செய்தேன். வட்டியைப் பார்த்தேன், ஈட்டைப் பார்த்தேன், மாதத்துக்கு எத்தனை வாடகை வந்தால் தவணை கட்டலாம் என்று பெருக்கிப் பார்த்தேன். வாடகை வசூலாகுமா என்று பார்க்கவில்லை. பெட்டிப் பணம் இத்தனை காலம் வந்துகொண்டிருந்ததால் ஃப்ரீசர் பணமும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதமே முதல் சோதனை வந்தது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, தொடக்க நாட்களில் பழைய நோட்டை வாங்கிக்கொள்ள விலக்களிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் சுடுகாடும் இடுகாடும் இருந்தன. சவப்பெட்டிக் கடை இல்லை. கல்லறைக்குக் கட்டிய பழைய நோட்டு செல்லும், அதே கல்லறையில் இறங்கும் பெட்டிக்குச் செல்லாது என்ற நிலையில், அந்த மாதம் போன பெட்டிகளும் ஃப்ரீசர்களும் முழுக்க நோட்டில் பற்றாகவே ஏறின.

2017: ஒக்கியும் ரப்பர் மரமும்

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரியை அடித்தது. கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கள் பகுதிக் கடற்கரைக் கிராமங்களில் உடல் கிடைக்காத வீடுகள் பல. கிடைத்த சில உடல்கள் அடையாளம் தெரிய நாளாயிற்று. அந்தத் துயரம் இந்தப் பதிவுக்கு அப்பாற்பட்டது. கடையைப் பாதித்தவை இரண்டு.

முதலாவது, மின்சாரம். கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. ஃப்ரீசர் வீட்டு மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் பெட்டி. மின்சாரம் நின்று சில மணி நேரத்துக்குள் அது வெறும் கண்ணாடிப் பெட்டியாகிவிடும். முகம் பார்க்க வருவோருக்காக மூடியை அடிக்கடி திறந்தால் இன்னும் விரைவில். இளையவர் ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து அனுப்பினார். டீசலையும் வாடகையையும் கடையே ஏற்றது. ஒரு வீட்டில் நள்ளிரவுக்கு மேல் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மாற்று கிடைக்காமல், மகன் வந்துசேருமுன் விடியற்காலையில் அடக்கத்தை நடத்த வேண்டியதாயிற்று. இளையவர் அந்த வீட்டில் பணம் வாங்கவில்லை. அது சரியான முடிவு. ஆனால் அந்த வாரம் போன மற்ற எந்த வீட்டிலும் ஜெனரேட்டர் செலவைச் சொல்லவும் இல்லை.

இரண்டாவது, மரம். ரப்பர்த் தோட்டங்களில் மரங்கள் பெருவாரியாக விழுந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தன. மூத்தவர் நான்கு லோடு தடியை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பட்டறைப் பின்புறம் அடுக்கினார். ரப்பர் தடி வெட்டிய சில நாட்களுக்குள் அறுக்கப்பட்டு போரான் மருந்தில் ஊற வேண்டிய மரம். அதன் மாவுச்சத்து பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து. அறுவை மில்களிலோ மின்சாரம் இல்லை. வந்த பின்பு நீண்ட வரிசை. ஜனவரியில் தடியைப் பிளந்தபோது பலகை முழுக்க மை ஊற்றியதுபோல் நீலக்கறுப்பு ஓடியிருந்தது. தட்டினால் துளைகளிலிருந்து மாவு கொட்டியது. மூன்று லோடு விறகாகப் போயிற்று; நட்டம் ரூ.86,000. இதை நான் தவறான கொள்முதல் என்றே குறிப்பேன். அந்த விலைக்கு எந்த ஆசாரியும் வாங்கியிருப்பான், மில் திறக்காதது தன் குற்றமல்ல என்பது மூத்தவரின் வாதம். இது முதல் கருத்து வேறுபாடு.

2018 தொடக்கம்: நோட்டைத் திறந்தபோது கண்டவை

பிப்ரவரியில் இரண்டு தவணைகள் தவறின. வங்கியிலிருந்து ஆள் வந்த பிறகுதான் நாங்கள் மூவரும் உட்கார்ந்து, 2016 ஆகஸ்ட் முதல் 2017 டிசம்பர் வரையிலான பதினேழு மாத நோட்டை வரிவரியாகப் பார்த்தோம்.

பெட்டி 301 போயிருந்தது. அதில் 38-க்குத்தான் பணம் வரவில்லை. எட்டில் ஏழு பங்கு வந்துவிட்டது, ஏறக்குறைய தாத்தா காலத்து விகிதமே. ஃப்ரீசர் 118 முறை போயிருந்தது. வர வேண்டிய வாடகை ரூ.3,54,000, வந்தது ரூ.2,06,500. பத்தில் ஆறு பங்குகூட இல்லை. அதே காலத்தில் கட்டிய தவணை மட்டும் ரூ.3,97,800.

ஒரே கடை, பெரும்பாலும் ஒரே வீடுகள், ஒரே விதி. இருந்தும் பெட்டிக்குப் பணம் வருகிறது, ஃப்ரீசருக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டு, பாக்கி உள்ள வீடுகளில் ஏறத்தாழ இருபதை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று இளையவரையும் தாயாரையும் நினைவுபடுத்திச் சொல்ல வைத்தேன். இந்த ஆய்வில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டி, மரித்தவரோடு மண்ணுக்குள் போய்விடுகிறது. அப்பனைக் கடன்பட்ட பெட்டியில் வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் பிள்ளைகளை உறுத்திக்கொண்டே இருக்கும். நாற்பத்தொன்றுக்கு முன் தீர்த்துவிடுவார்கள். ஃப்ரீசரோ அடக்கத்தன்று மாலையே கடைக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பிப் போன பொருளுக்குப் பாக்கி இருக்கிறது என்பதே பல வீடுகளில் நினைவில் இல்லை. பந்தல் நாற்காலியைப் போல அதுவும் சபையார் ஏற்பாடு என்று நினைத்தவர்களும் உண்டு.

அடுத்தது, அழைத்தவர் யார் என்பது. பெட்டிக்கு வீட்டு ஆள் ஒருவர் நேரில் வருகிறார். ஃப்ரீசருக்கோ இரவு பதினொரு மணிக்கு அன்பியத்து (பங்கின் குடும்பக் குழு) இளைஞர் ஒருவர் போன் செய்கிறார். நோட்டில் அவருடைய பெயர்தான் இருக்கிறது. அவரிடம் பாக்கி கேட்க முடியாது.

மூன்றாவதே கனமானது. எத்தனை நாள் வைப்பது என்று தீர்மானிப்பவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகன். "நான் வர்றதுவரை எடுக்காதீங்க" என்பது அவர் சொல். நாள் கூடக்கூட வாடகை ஏறுவது உள்ளூரில் அப்பனைக் கவனித்துக்கொண்டிருந்த மற்றொரு மகனின் தலையில். வந்தவர் பத்து நாளில் திரும்பிப் பறந்துவிடுகிறார். இருப்பவர் "அவன் சொல்லித்தானே வெச்சோம்" என்கிறார். இருவரும் நாணயமானவர்களே, இருவருமே பெட்டிப் பணத்தைக் கொடுத்தவர்கள். மூன்று நாளுக்கு மேல் ஃப்ரீசர் நின்ற பதினான்கு வீடுகளில் பதினொன்று பாக்கியில் இருந்தன.

ஆகவே சிக்கல் விலை பேசாததில் மட்டும் இல்லை. விலை பேசாமலே கடன் இன்னாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு பொருளுக்கு அமைந்த விதியை, யாருடையது என்று தெரியாத ஒரு சேவைக்கு நீட்டியதில்தான் கடை சறுக்கியது.

கல்லறை வாய்

முடிவுகள் எடுக்குமுன் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2018 மே மாதம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அடக்கம். கடை அப்போது புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்த, பக்கத்துக்கு மூன்று பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டி. குடும்பக் கல்லறை மண்குழி அல்ல. சிமென்ட் அறை, முகப்பில் வாய். வாயின் அகலம் 26 அங்குலம். பெட்டி 24, கைப்பிடிகள் இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் துருத்தி 28. போதகர் ஜெபத்தை முடித்து, தூக்கியவர்கள் பெட்டியை வாயில் வைத்துத் தள்ளியபோது, அது பாதியில் முட்டி நின்றது.

மூத்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பெட்டியைத் திரும்ப வெளியே எடுத்து இரண்டு பெஞ்சுகளின் மேல் வைக்கச் சொல்லி, திருப்புளியால் ஆறு கைப்பிடிகளையும் கழற்றினார். ஒரு கைப்பிடிக்கு நான்கு திருகாணி. உள்ளே துணிக்கு அடியில் மரையிட்டிருந்த இரண்டு கழலவில்லை. அவற்றை அரத்தால் அறுத்தார். ஏறக்குறைய கால் மணி நேரம், பெருங்கூட்டத்துக்கு முன்னால், அந்தச் சத்தம் மட்டும். வீட்டார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் பேசாமல் நின்றதுதான் மூத்தவரை மிகவும் வாட்டியது.

அன்றிரவு தாயார் தகப்பனாரின் பழைய பெட்டி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பின்னட்டை உட்புறத்தில் ஒன்பது கோவில்களின் (தேவாலயங்களின்) பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 25, 26, 27½ என்று எண்கள். அந்தக் கோவில்களுக்குப் போன பெட்டிகளின் எண்ணிக்கை என்றே பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தார்கள். 27½ பெட்டி எப்படிப் போகும் என்று யாரும் கேட்டதில்லை. அவை கல்லறை வாய்களின் அகலம். தகப்பனார் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய் அளந்து எழுதியவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2018 ஜூனில் நான்கு முடிவுகள் எடுக்கப்பட்டன. எல்லாம் ஒருமித்து எடுக்கப்படவில்லை.

பெட்டியைப் பொறுத்தவரை தாத்தாவின் விதி அப்படியே தொடரும். கணக்கில் அது நட்டம் காட்டவில்லை; காட்டாத ஒன்றைக் கைவிடக் காரணமில்லை. அளவு எழுதும் பக்கத்தில் "குழியா, அறையா, வாய் எத்தனை" என்ற ஒரு கட்டம் மட்டும் சேர்ந்தது.

ஃப்ரீசர் கடையை விட்டு இறங்குமுன் ஒரு சீட்டு எழுதப்படும். அதில் மூன்று வரிகள்: யார் வீட்டுக்கு; எத்தனை நாள் என்று சொல்பவர் யார், அவர் தொலைபேசி எண் என்ன; ஒரு நாள் வாடகை எவ்வளவு. இரண்டாம் வரியில் உள்ளவர் வெளிநாட்டில் இருந்தால், அவருக்கே போன் செய்து வாடகையைச் சொல்வது. அதாவது, அழுதுகொண்டிருக்கும் வீட்டுத் திண்ணையில் விலை பேசாமல், காத்திருக்கச் சொன்னவரிடம் பேசுவது. இந்த யோசனை என்னுடையதல்ல. இளையவரின் வணிகவியல் படித்த மனைவியுடையது. போன் செய்யும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். தாயார் ஒரு வாரம் இதற்கு உடன்படவில்லை. "பெட்டிக்கு வேண்டாம், ஐஸ் பெட்டிக்கு மட்டும்" என்ற நிபந்தனையோடு பின்னர் இசைந்தார்.

சீட்டின் பின்புறம் பயனுள்ள ஒரு குறிப்பு அச்சிடப்பட்டது. திருவனந்தபுரத்து மருத்துவமனையில் மரித்தவரின் இறப்பு, மரணம் நிகழ்ந்த அந்த இடத்தின் உள்ளாட்சி அமைப்பில்தான் பதிவாகும், ஊரில் அல்ல. 21 நாட்களுக்குள் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. எல்லையோரத்தில் இது தெரியாமல், உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டுப் பேரூராட்சிக்கும் கிராம அலுவலகத்துக்குமாக மாதக்கணக்கில் நடந்தவர்கள் பலர். வாடகை எழுதிய சீட்டை வீட்டார் கிழித்தெறியாமல் பத்திரமாக வைத்ததற்கு இந்தப் பின்பக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, மரண நிதி நடத்தும் சபைகளோடும் பங்குகளோடும் முன்கூட்டியே ஒப்பந்தம். வீட்டார் சார்பில் நிதியே முப்பது நாளுக்குள் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உறுப்பினரிடம் ஈடுசெய்துகொள்ளும். ஏழு இடங்களில் பேசினோம். நான்கில் ஒப்புக்கொண்டார்கள். மூன்றில் மறுத்தார்கள், ஓர் ஊரில் கோவில் பொறுப்பாளரான கைக்காரர், "ஆள் சாகதுக்கு முன்னாடியே கிரயம் எழுதுவீங்களா?" என்று கேட்டு எங்களை எழுந்து போகச் செய்தார்.

நான்காவது, அரசுக்கான வரிப் பதிவு. 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு-சேவை வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலை எடுத்துச் செல்லுதல் ஆகிய சேவைகள் வரிக்கு வெளியே உள்ளன. கடை வாடகைக்குக் கொடுத்த ஃப்ரீசரையும் நான் அதற்குள் வைத்தே கணக்கெழுதினேன். பெட்டி அப்படியல்ல, அது சரக்கு. அதிலும் வரிக்குட்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்புபவர், விற்பனைத் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு செய்தாக வேண்டும். கடையின் வேனில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பெட்டி போய்க்கொண்டே இருந்தது. சோதனைச்சாவடி எடுக்கப்பட்டதால் வரியும் போய்விட்டது என்று மூத்தவர் நினைத்திருந்தார். பதிவு செய்தோம். "அந்தப் பக்கம் நம்ம ஆளுகதானே, அது எப்படி வேற மாநிலம் ஆவும்?" என்பதற்கு என்னிடம் சட்ட எண் தவிர வேறு பதில் இல்லை. பதிவு இல்லாமலே தொடர்ந்திருக்கலாம் என்பது இன்றும் அவர் கருத்து. இது இரண்டாவது வேறுபாடு.

2020: எல்லை மூடியபோது

2018 ஜூன் முதல் 2020 பிப்ரவரி வரை சீட்டு முறை நன்றாகவே நடந்தது. ஃப்ரீசர் 131 முறை போயிற்று; வர வேண்டிய ரூ.4,05,000-இல் ரூ.3,61,000 வந்தது. வெளிநாட்டு மகன்களில் பெரும்பாலோர் போனிலேயே "எனக்கு அனுப்புங்க, நான் தர்றேன்" என்றார்கள். இருவர் நாளைக் குறைத்துக்கொண்டார்கள்.

மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது; களியக்காவிளையில் எல்லை அடைபட்டது. பன்னாட்டு விமானங்கள் நின்றுவிட்டபடியால் காத்திருக்க யாருமில்லை. அடக்கத்துக்கு இருபது பேர் என்ற கட்டுப்பாட்டில் கூட்டமும் இல்லை. கோவிட்டில் மரித்தவர்களின் உடல் கசியாத பையில் கட்டப்பட்டு நேரே கல்லறைக்குப் போயிற்று. மூன்று ஃப்ரீசர்களும் பட்டறை மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. ரிசர்வ் வங்கி அனுமதித்த ஆறு மாதத் தவணை அவகாசத்தை எடுத்துக்கொண்டோம். அதற்கும் வட்டி ஏறும் என்று தெரிந்தேதான். வேறு வழியில்லை. 2020 ஜூலையில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் கோவிட்டில் இறந்தவர்களைத் தகனம் செய்து சாம்பலைக் கல்லறையில் வைக்க இசைந்த செய்தியைப் படித்துவிட்டு, பெட்டித் தொழிலே முடிந்ததோ என்று மூத்தவர் ஒரு நாள் முழுக்கக் கடையைத் திறக்கவில்லை. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

நிலைத்து நின்ற இழப்பு வேறு. பாறசாலைப் பக்கத்திலிருந்து பெட்டி கேட்டு வந்த அழைப்புகளுக்கு வேனை அனுப்ப முடியாத நிலையில், அந்தப் பக்கத்து மரப்பட்டறை ஒன்றுக்கு அளவையும் செய்முறையையும் போனில் சொல்லிக்கொடுத்து, அங்கேயே செய்து கொடுக்க ஏற்பாடு செய்தார் மூத்தவர். வாடிக்கைக்காரரைக் கைவிடக்கூடாது என்பதே காரணம். நானும் சரி என்றேன். எல்லை திறந்த பின் அந்த வீடுகளில் பெரும்பாலானவை அங்கேயே வாங்கப் பழகிவிட்டன. 1956-இல் கோடு விழுந்த பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வாடிக்கை அது.

விளைவு

கடன் 2022 தொடக்கத்தில் தீர்ந்தது. ஒப்பந்தம் செய்திருந்த பங்குகளில் இரண்டு, ஆளுக்கொரு ஃப்ரீசரைக் கணக்கிலிருந்த மதிப்புக்கே வாங்கிக்கொண்டன. அவற்றின் பராமரிப்பு மட்டும் கடையிடம். ஒன்று கடையில் இருக்கிறது. சகோதரர்கள் 2022-இல் மனக்கசப்பில்லாமல் பிரிந்தார்கள். பட்டறையும் பெட்டியும் மூத்தவருக்கு. ஊர்தியும் ஃப்ரீசரும் இளையவருக்கு. ஒரே வாசல், இரண்டு நோட்டு. பழைய பாக்கி ரூ.1,47,500-இல் ரூ.61,000 வந்தது, மீதியை எழுதித் தள்ளினோம். அந்தப் பக்கங்களில் தாயார் தாமே கோடு இழுத்தார், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

என் பங்கிலிருந்து தொடங்குகிறேன். 2016 ஆகஸ்டில் கடன் தாள்களை ஆயத்தம் செய்யும்போதே, நாளைத் தீர்மானிப்பவர் யார், பணம் கொடுப்பவர் யார் என்ற இரு கேள்விகளையும் நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று ஃப்ரீசருக்குப் பதில் ஒன்றை வாங்கி ஓராண்டு நடத்திப் பார்த்திருந்தால் வசூலின் போக்கு கடன் சிறியதாக இருக்கும்போதே தெரிந்திருக்கும். ஜெனரேட்டரை ஃப்ரீசரோடு சேர்ந்த செலவாகத் தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். மின்வெட்டு இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

பாறசாலைப் பட்டறையோடு ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று பங்கு பேசி எழுதிக்கொண்டிருக்கலாம். அன்றைய பதற்றத்தில் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மூத்தவர் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பழைய நோட்டின் பின்னட்டையிலிருந்த ஒன்பது எண்களையும் சகோதரர்கள் புதிதாக அளந்து சரிபார்த்தார்கள். இரண்டு கல்லறைகள் புதுப்பிக்கப்பட்டு வாய் மாறியிருந்தது. ஏழு சரியாக இருந்தன. சீட்டு முறையோ இன்னும் முழுதாகப் படியவில்லை. 2023 கடைசியில் நான் எடுத்துப் பார்த்த நாற்பது சீட்டுகளில் பதினொன்றில் இரண்டாம் வரி நிரப்பப்படாமல் இருந்தது. இரவில் போன் எடுத்தவர் இளையவர், அந்த நேரத்தில் கேட்க மனம் வரவில்லை என்றார். அந்தப் பதினொன்றில் எட்டுக்கு இன்னும் பணம் வரவில்லை.